நிரல் எழுதத் தெரியாதவரும் பங்களிக்கலாம்: திறமூல மென்பொருள்களுக்குக் கையேடு எழுதும் தன்னார்வப் பணி – ஒரு விளக்கம்

புது தில்லி: கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கம் செய்த மாணவர், அதனைத் தமது கணினியில் நிறுவ முயன்று, அரை மணி நேரத்தில் கைவிடுகிறார். மென்பொருளில் பிழை இல்லை. கணினியிலும் கோளாறு இல்லை. நிறுவும் முறையை விளக்கும் பக்கத்தில் ஒரு படி விடுபட்டிருந்தது என்பதே காரணம். இத்தகைய விடுபடல்களைக் கண்டறிந்து எழுதிச் சேர்ப்பது, திறமூல மென்பொருள் உலகில் என்றும் ஆள் பற்றாக்குறை நிலவும் பணியாக இருந்து வருகிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதில் ஈடுபடலாம் என்பதால், இந்திய மாணவர்கள், ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோருக்கு இது திறந்திருக்கும் ஒரு வாயிலாகும். எனினும், முறையறியாது அனுப்பப்படும் பங்களிப்புகள் உதவிக்குப் பதிலாகச் சுமையாக மாறிய அனுபவமும் உண்டு.

மூல நிரலை எவரும் படிக்கவும், மாற்றவும், பிறருக்குப் பகிரவும் உரிமம் அளிக்கும் மென்பொருளே திறமூல மென்பொருள் எனப்படுகிறது. லினக்ஸ் இயங்குதளம், பயர்பாக்ஸ் உலாவி, லிப்ரெஆபிஸ் அலுவலகத் தொகுப்பு, பைத்தான் நிரல்மொழி ஆகியவை பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றின் நிரலைப் போலவே, அவற்றை விளக்கும் கையேடுகளையும் எவரும் திருத்த முன்மொழியலாம்.

குறை அனைவருக்கும் தெரியும், எழுதுவோர் சிலரே

கிட்ஹப் தளம் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட திறமூல ஆய்வு இந்த இடைவெளியை எண்களில் காட்டியது. 3,800-க்கும் மேற்பட்ட திட்டங்களிலிருந்து சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 5,500 பேர் அதில் பதிலளித்தனர். முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்களை எதிர்கொண்டதாக 93 சதவீதத்தினர் தெரிவித்தனர். ஆனால், பங்களிப்பாளர்களில் 60 சதவீதத்தினர், ஆவணங்களுக்குத் தாங்கள் அரிதாகவே பங்களிப்பதாகவோ அறவே பங்களிப்பதில்லை என்றோ கூறினர்.

அதே ஆய்வின் மற்றொரு முடிவும் இந்தியாவுக்குப் பொருந்துவதாகும். திறமூலச் சமூகத்தில் ஏறக்குறைய கால் பங்கினர் ஆங்கிலத்தை மிக நன்றாகப் படிக்கவோ எழுதவோ இயலாதவர்கள் என்பது தெரியவந்தது. உலகின் பெரும்பாலான திறமூல ஆவணங்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. எனவே, சிக்கலான ஒரு வாக்கியத்தை எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதுவதுகூட, ஆங்கிலம் தாய்மொழியல்லாத பல்லாயிரம் பயனர்களுக்கு உதவும் செயலாகிறது.

இந்தப் பற்றாக்குறைக்குச் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. மென்பொருளை உருவாக்கியவர் அதன் உள்ளும் புறமும் அறிந்தவர். புதியவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை அவரால் எளிதில் ஊகிக்க இயலாது. தமது கணினியில் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்த அமைப்புகளை அவர் மறந்திருப்பார். நிரலில் பிழை இருந்தால் மென்பொருள் நின்றுவிடும். உடனே எவரேனும் திருத்துவர். கையேட்டில் பிழை இருந்தாலோ எதுவும் நிற்பதில்லை. படிப்பவர் மட்டும் ஓசையின்றி விலகிச் செல்கிறார். அவர் ஏன் சென்றார் என்பது உருவாக்கியவருக்குத் தெரியாமலே போகிறது.

மென்பொருளோடு பிறந்த கையேடு

கையேடு எழுதுவது பின்னாளில் ஒட்டவைக்கப்பட்ட பணியன்று. கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் நிரலாளர் கையேடு 1971 நவம்பர் 3 அன்று வெளியானது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றுடன், அதில் உள்ள குறைகளைக் கூறுவதற்கென்றே தனிப் பகுதி ஒன்று அதில் ஒதுக்கப்பட்டிருந்தது. இன்றும் லினக்ஸ் கணினிகளில் 'மேன்' என்னும் கட்டளையை இட்டால் தோன்றும் பக்கங்கள் அதே வடிவத்தைப் பின்பற்றுகின்றன.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை அறிமுகப்படுத்திய பின்னர், அடுத்த ஆண்டே அதற்கான ஆவணங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு எழுதும் 'லினக்ஸ் ஆவணத் திட்டம்' தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனரான ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற கையேடும் தேவை என வலியுறுத்தினார். கையேடுகளுக்கென்றே தனி உரிமம் ஒன்று 2000-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. மென்பொருள் மாறும்போது கையேட்டையும் மாற்றும் உரிமை பயனருக்கு இல்லாவிடில், அக்கையேடு விரைவில் பயனற்றதாகிவிடும் என்பதே இதன் பின்னுள்ள வாதம்.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்?

அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு அறிவித்தது. ஆனால், மென்பொருளை விலையின்றிப் பெறுவதற்கும் அதனை நாள்தோறும் பயன்படுத்துவதற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்கப் பயிற்சியும் கையேடும் தேவைப்படுகின்றன. நாட்டின் மூன்று முயற்சிகள் இதனை விளக்கும்.

முதலாவது கேரளம். அம்மாநிலத்தின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2001-இல் தொடங்கப்பட்டு, 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமும், படங்களைத் திருத்தும் கிம்ப், கணிதத்துக்கான ஜியோஜீப்ரா போன்ற மென்பொருள்களும் பயன்பாட்டில் உள்ளன. இம்மென்பொருள்களை நிறுவியதோடு பணி முடிந்துவிடவில்லை. அவற்றை வகுப்புவாரியாக விளக்கும் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் எழுதப்பட்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பள்ளி மாணவர் புரிந்துகொள்ளும் மொழியில் விளக்கம் இருந்ததே மென்பொருள் வகுப்பறையில் நிலைபெற உதவியது எனலாம்.

இரண்டாவது, சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரை அடுத்த கனியாரி கிராமத்தில் 'ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்' அமைப்பு நடத்தும் மருத்துவமனை. நோயாளர் பதிவேடு, ஆய்வகம், கட்டணம் ஆகியவற்றை ஒருங்கே நிர்வகிக்கும் 'பஹ்மனி' என்னும் திறமூல மென்பொருள் முதலில் இங்கேதான் பயன்பாட்டுக்கு வந்தது. ஓபன்எம்ஆர்எஸ் உள்ளிட்ட ஏற்கெனவே இருந்த திறமூல மென்பொருள்களை இணைத்து இது உருவாக்கப்பட்டது. பின்னர் வேறு நாடுகளின் மருத்துவமனைகளும் இதனை ஏற்றன. வசதி குறைந்த இடங்களுக்கென உருவாக்கப்பட்ட இத்தகைய மென்பொருளுக்கு, அருகில் பொறியாளர் இருப்பார் என்று கருதி எழுதப்பட்ட கையேடு பயன்படாது. மின்சாரம் தடைபட்டு மீண்டால் என்ன செய்வது, தரவுகளை எவ்வாறு நகலெடுத்துப் பாதுகாப்பது என்பன போன்ற கேள்விகளுக்கு அங்குள்ள பணியாளரே படித்துப் பின்பற்றக்கூடிய விடை வேண்டும்.

மூன்றாவது, மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் தலைமையில் உருவான இத்திட்டம், மத்திய அரசின் நிதியுதவியுடன், திறமூல மென்பொருள்களைக் கற்பிக்கும் சுமார் பத்து நிமிடக் குரல்வழிப் பாடங்களைத் தயாரித்து வருகிறது. தமிழ் உள்ளிட்ட 22 இந்திய மொழிகளில் இப்பாடங்களுக்குக் குரல் சேர்க்கப்படுகிறது.

அறியாதவரே தேர்வாளர்

ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தின் செயல்முறை, ஆவணம் எழுத விரும்புவோர் எவருக்கும் பாடமாக அமையக்கூடியது. ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் எழுத்துப்படி தயாரிக்கப்படுகிறது. திரையில் என்ன நிகழ வேண்டும் என்பது ஒரு பத்தியிலும், அப்போது பேச வேண்டிய சொற்கள் அதற்கு எதிர்ப் பத்தியிலும் இடம்பெறும். துறை வல்லுநர் ஒருவர் அதன் உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பார். அதோடு, அந்த மென்பொருளை அறியாத ஒருவரும் அதனைப் படித்து, அதில் உள்ளபடியே செய்து பார்ப்பார். அவரால் இறுதிவரை செல்ல முடியாவிட்டால் எழுத்துப்படி திருத்தப்படும்.

வல்லுநர் தவறான கூற்றைக் கண்டுபிடிப்பார். விடுபட்ட கூற்றைக் கண்டுபிடிப்பவர் அறியாதவரே. 'தெரியாமை' இங்கே குறையாகக் கருதப்படாமல் ஒரு தகுதியாகவே கணக்கில் கொள்ளப்படுகிறது. திறமூலத் திட்டங்களுக்குப் புதிதாக வரும் தன்னார்வலர் அளிக்கக்கூடிய மதிப்புமிக்க பொருளும் இதுவே. அவர் எந்த இடத்தில் குழம்பினார் என்பதை, பல ஆண்டுகள் அத்திட்டத்தில் பணியாற்றியவரால் தாமே கண்டறிய இயலாது.

ஆனால், இந்தத் தகுதிக்கு ஆயுள் குறைவு. ஒரு மென்பொருளைச் சில வாரங்கள் பயன்படுத்தியவுடன், முதல் நாளில் எது புரியவில்லை என்பது மறந்துவிடும். ஆகவே, முதன்முதலாக நிறுவும்போதே ஒரு தாளில் குறிப்பெடுப்பது பயன் தரும். எந்தச் சொல்லுக்குப் பொருள் விளங்கவில்லை, எந்தப் படியில் வேறொரு தளத்தில் விடை தேட வேண்டியிருந்தது, திரையில் தோன்றியது கையேட்டில் கூறியதிலிருந்து எவ்வாறு மாறுபட்டது ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டாலே முதல் பங்களிப்புக்கான பொருள் கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட எண்ணற்ற திட்டங்களின் நிறுவல் பக்கத்தில் 'பிப் இன்ஸ்டால்' எனத் தொடங்கும் ஒற்றை வரிக் கட்டளையே காணப்படும். பல ஆண்டுகள் அது போதுமானதாக இருந்தது. 2023-ஆம் ஆண்டு வெளியான டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகிய பதிப்புகளிலிருந்து நிலைமை மாறியது. அக்கட்டளையை அப்படியே இட்டால், பைத்தான் சூழல் இயங்குதளத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்னும் பொருள்படும் பிழைச் செய்தி தோன்றி நிறுவல் நின்றுவிடுகிறது.

இது பிழையன்று, பாதுகாப்பு ஏற்பாடு. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் சில பைத்தானைச் சார்ந்திருக்கின்றன. பயனர் நிறுவும் பொதிகள் அவற்றோடு மோதினால் இயங்குதளமே பாதிக்கப்படலாம். ஆகவே, 'வென்வ்' என்னும் கருவியைக் கொண்டு தனியானதொரு மெய்நிகர் சூழலை உருவாக்கி, அதனுள் நிறுவுவதே முறையான வழி.

அனுபவமுள்ள நிரலாளர் இந்தத் தடையைச் சந்திப்பதே அரிது. அவர் எப்போதும் மெய்நிகர் சூழலுக்குள்தான் பணியாற்றுவார். ஆகையால் அவரது கையேட்டில் அந்தப் படி எழுதப்படாமல் இருக்கும். புதிய மடிக்கணினியில் உபுண்டுவை நிறுவிய கல்லூரி மாணவரோ முதல் வரியிலேயே தடுக்கப்படுகிறார். இணையத்தில் தேடினால், தடையை மீறி நிறுவ உதவும் கூடுதல் சொல் ஒன்றைக் கட்டளையில் சேர்க்குமாறு சிலர் கூறியிருப்பதைக் காண்பார். அச்சொல்லின் பெயரிலேயே 'இயங்குதளப் பொதிகளை உடை' என்னும் பொருள் அடங்கியுள்ளது. அதன் விளைவை உணராது பயன்படுத்தினால் கணினியின் அமைப்பு சீர்குலையும் வாய்ப்புண்டு.

இந்நிலையில் தன்னார்வலர் எழுத வேண்டியது நான்கைந்து வரிகளே. எந்த இயங்குதளப் பதிப்பில் இந்தப் பிழை தோன்றும், மெய்நிகர் சூழலை உருவாக்கும் கட்டளை எது, அதனைச் செயல்படுத்தும் கட்டளை எது, அதன் பிறகு முன்னர் கூறிய நிறுவல் கட்டளையை இட வேண்டும், வெற்றிகரமாக நிறுவப்பட்டதை எவ்வாறு உறுதி செய்வது என்பவை அவை. இவற்றை எழுதியபின், வேறொரு கணினியில் தொடக்கத்திலிருந்து செய்து பார்க்க வேண்டும். விண்டோஸ் பயனருக்கான கட்டளை சற்று மாறுபடும் என்பதால், அவருக்கான பகுதியைக் குழப்பாத வகையில் தனித் தலைப்பில் எழுதுவது நல்லது. நிரல் ஒரு வரிகூட எழுதாமல் செய்யக்கூடிய பணி இது.

எத்தகைய ஆவணம் தேவைப்படுகிறது?

ஆவணங்களை அவற்றின் நோக்கத்தைக் கொண்டு நான்காகப் பிரிக்கும் முறையை டானியேலே புரோசிடா என்பவர் வகுத்தார். 'டியாடாக்சிஸ்' எனப்படும் இம்முறையைப் பல திட்டங்கள் பின்பற்றுகின்றன. புதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சிப் பாடம் முதல் வகை. ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்கும் வழியைக் கூறும் செயல் குறிப்பு இரண்டாம் வகை. ஒவ்வொரு கட்டளையையும் அமைப்பையும் முழுமையாகப் பட்டியலிடும் உசாத்துணை மூன்றாம் வகை. ஏன் இவ்வாறு வடிவமைக்கப்பட்டது என விளக்கும் கட்டுரை நான்காம் வகை.

சமையலை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். முதன்முதலாகச் சமைப்பவரை அருகில் நிறுத்தி ஓர் உணவைச் சமைக்கக் கற்பிப்பது பயிற்சிப் பாடம். சமைக்கத் தெரிந்தவருக்கு அளிக்கும் செய்முறை செயல் குறிப்பு. மளிகைப் பொருள்களின் பெயரும் தன்மையும் அடங்கிய பட்டியல் உசாத்துணை. ஊறவைப்பது ஏன், புளிக்கவைப்பது ஏன் எனக் கூறுவது விளக்கம். இவற்றை ஒரே பக்கத்தில் கலந்து எழுதும்போது எவருக்கும் பயன்படாத ஆவணம் உருவாகிறது. புதியவருக்கான பாடத்தின் நடுவே இருபது விருப்பத் தேர்வுகளைப் பட்டியலிடுவது பரவலாகக் காணப்படும் தவறு.

தொடங்கும் முறை

முதற்கட்டமாக, ஏற்கெனவே பயன்படுத்தி வரும் மென்பொருளையே தேர்ந்தெடுப்பது உகந்தது. பயன்படுத்தாத மென்பொருளுக்குக் கையேடு எழுத முற்பட்டால், எது சரி என்பதை உறுதி செய்ய இயலாது.

அடுத்து, அத்திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியைப் படிக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் இதனைத் தனிக் கோப்பாக வைத்துள்ளன. எந்த நடையில் எழுத வேண்டும், மாற்றத்தை எவ்வழியாக அனுப்ப வேண்டும், எந்த உரிமத்தின் கீழ் எழுத்து வெளியாகும் என்பன அதில் கூறப்பட்டிருக்கும். தாம் எழுதுவதைப் பிறர் மாற்றவும் மறுபயன்பாடு செய்யவும் இசைவதாகவே பங்களிப்பாளர் கருதப்படுவார். வேறு நூலிலிருந்தோ தளத்திலிருந்தோ பெயர்த்தெழுதிய பகுதிகளை அனுப்புவது உரிமச் சிக்கலை உண்டாக்கும்.

மூன்றாவதாக, நிலுவையில் உள்ள பணிகளின் பட்டியலைப் பார்க்கலாம். ஆவணம் சார்ந்தவை, புதியவருக்கு உகந்தவை என்னும் அடையாளக் குறிகளுடன் பல திட்டங்கள் பணிகளைப் பிரித்து வைத்துள்ளன. ஒரு பணியை எடுத்துக்கொள்ளும் முன், அதில் வேறு எவரும் ஈடுபட்டுள்ளனரா எனக் கேட்டறிவது மரபு.

நான்காவதாக, மாற்றத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ள வேண்டும். கிட்ஹப் போன்ற தளங்களில் 'புல் ரிக்வெஸ்ட்' எனப்படும் மாற்ற முன்மொழிவாகவே திருத்தம் அனுப்பப்படுகிறது. அத்திட்டத்தின் பராமரிப்பாளர் அதனைப் படித்துப் பார்த்து ஏற்பார், திருத்தம் கோருவார், அல்லது மறுப்பார். ஒரு பக்கத்தில் ஒரு சிக்கலைத் தீர்க்கும் முன்மொழிவைப் பத்து நிமிடங்களில் சரிபார்க்க முடியும். நாற்பது பக்கங்களை மாற்றியமைக்கும் முன்மொழிவைப் படிக்கப் பராமரிப்பாளருக்கு நேரம் கிடைக்காமல், அது மாதக்கணக்கில் தேங்கக்கூடும்.

இணைய உருவாக்குநர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மொசில்லாவின் எம்டிஎன் உசாத்துணைத் தளம், 2020 டிசம்பரில் தனது உள்ளடக்கம் முழுவதையும் கிட்ஹப் தளத்துக்கு மாற்றி, ஒவ்வொரு திருத்தமும் மற்றொருவரின் சரிபார்ப்புக்குப் பின்னரே வெளியாகும் முறையைக் கொண்டுவந்தது. நிரலுக்கு உரிய அதே கண்டிப்பு கையேட்டுக்கும் பொருந்தும் என்பதற்கு இது சான்று. நிரல்மொழி அறியாதவர்களுக்கு லிப்ரெஆபிஸ் போன்ற திட்டங்கள் எளிய தொடக்கமாக அமையும். அதன் பயனர் கையேடுகளைத் தன்னார்வலர் குழுவே எழுதியும் சரிபார்த்தும் வெளியிட்டு வருகிறது.

சுமையாகிய பங்களிப்புகள்

டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்னும் திறமூலப் பங்களிப்பு விழாவை நடத்தி வருகிறது. 2020-இல், நான்கு மாற்ற முன்மொழிவுகளை அனுப்புவோருக்கு டி-ஷர்ட் அளிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. மாதம் தொடங்கிய ஓரிரு நாள்களிலேயே, 'ரீட்மி' எனப்படும் அறிமுகக் கோப்புகளில் 'அற்புதமான திட்டம்' என்பது போன்ற பொருளற்ற சொற்களைச் சேர்க்கும் முன்மொழிவுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இந்தியாவில் பெரும் எண்ணிக்கையிலான பார்வையாளர்களைக் கொண்ட பயிற்சிக் காணொளி ஒன்றில் காட்டப்பட்ட மாதிரியைப் பலர் அப்படியே பின்பற்றியதும் இதற்கு ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. விழாவில் பங்கேற்கத் தாமே முன்வரும் திட்டங்களுக்கு அனுப்பப்படும் முன்மொழிவுகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என விதி உடனடியாக மாற்றப்பட்டது.

அம்மாணவர்களில் பலருக்குத் தீய நோக்கம் இருந்திருக்க வாய்ப்பில்லை. முன்மொழிவு அனுப்பும் வழிமுறையைக் கற்றுக்கொண்டார்கள். அதன் மறுமுனையில் ஊதியமின்றி அதனைப் படிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அவர்களுக்கு எவரும் கூறவில்லை. நிரலைவிடக் கையேட்டைத் திருத்துவது எளிது என்பதால், இத்தகைய முன்மொழிவுகள் பெரும்பாலும் ஆவணங்களையே குறிவைக்கின்றன. அதன் விளைவாக, உண்மையான திருத்தத்துடன் வரும் புதியவரையும் பராமரிப்பாளர்கள் ஐயத்துடன் நோக்கும் நிலை உருவாகிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் எழுதப்பட்ட உரைகளும் தற்போது இவ்வரிசையில் சேர்ந்துள்ளன. ஜென்டூ லினக்ஸ் திட்டம், இத்தகைய கருவிகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட பங்களிப்புகளை ஏற்பதில்லை என 2024 ஏப்ரலில் முடிவெடுத்தது. உரிமம், தரம், அறநெறி ஆகிய மூன்றும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. வேறு திட்டங்களில் விதிகள் மாறுபடுகின்றன. எவ்வாறாயினும், தாம் செய்து பார்க்காத கட்டளையைக் கையேட்டில் எழுதக் கூடாது என்பது எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான எதிர்பார்ப்பு.

இந்திய மொழிகளில் எழுதும்போது

கையேடுகளை இந்திய மொழிகளில் ஆக்குவதற்குச் சரளமான மொழியறிவு மட்டும் போதாது. மென்பொருளின் திரையில் உள்ள சொல்லும் கையேட்டில் உள்ள சொல்லும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பட்டியில் 'சேமி' என்று இருக்கும்போது கையேடு 'பாதுகாத்து வை' என்று கூறினால், பயனர் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார். இந்தச் சீரின்மையைப் போக்க, அடிக்கடி பயன்படும் கலைச்சொற்களை மொழிவாரியாகத் தொகுத்துத் தரப்படுத்தும் 'ஃபூயல்' என்னும் திறமூல முயற்சி இந்தியாவில் தோன்றியது.

தமிழிலும் லிப்ரெஆபிஸ் உள்ளிட்ட மென்பொருள்களின் இடைமுகம் கிடைக்கிறது. ஆகவே, மொழிபெயர்க்கத் தொடங்கும் முன், அம்மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றி, ஒவ்வொரு பட்டியின் பெயரையும் குறித்துக்கொள்வது முதல் வேலையாகும். ஆங்கில மூலம் திருத்தப்படும்போது மொழிபெயர்ப்பும் திருத்தப்பட வேண்டும். எனவே, இருநூறு பக்கங்களை ஒருமுறை மொழிபெயர்த்துவிட்டு விலகுவதைவிட, பத்துப் பக்கங்களை மொழிபெயர்த்துத் தொடர்ந்து பராமரிப்பது கூடுதல் பயன் தரும். காலாவதியான மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பே இல்லாத நிலையைவிட அதிகமாகப் பயனரைத் தவறான வழியில் செலுத்தக்கூடும்.

ஊதியம் உண்டா?

பெரும்பாலான ஆவணப் பணி ஊதியமற்றதே. கூகுள் நிறுவனத்தின் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டம் 2005 முதல் நடைபெற்று வந்தாலும், ஆவணம் மட்டுமே எழுதும் பணிகளை அது ஏற்பதில்லை. இக்குறையை ஈடுசெய்யும் வகையில் 2019-இல் அந்நிறுவனம் 'சீசன் ஆஃப் டாக்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, தொழில்நுட்ப எழுத்தாளர்களுக்கு நிதியுதவி அளித்தது. தொழில்நுட்பத் துறையில் போதிய இடம் பெறாத பிரிவினருக்கு உதவித்தொகையுடன் பயிற்சி அளிக்கும் 'அவுட்ரீச்சி' திட்டத்தில் ஆவணம் எழுதும் பணிகளும் இடம்பெறுகின்றன. மும்பை ஐஐடியின் 'ஃபாசி' திட்டம், பாடநூல்களில் உள்ள தீர்வுக் கணக்குகளைத் திறமூல மென்பொருளில் செய்துகாட்டும் துணைநூல்களை உருவாக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மதிப்பூதியம் வழங்கி வருகிறது.

ஊதியமற்ற பணி என்பதால், ஓய்வு நேரமும் சொந்தக் கணினியும் உள்ளவர்களுக்கே இவ்வாய்ப்பு எளிதாகிறது என்னும் விமர்சனமும் உண்டு. பகுதிநேர வேலை செய்து படிக்கும் மாணவரிடம் தன்னார்வப் பணியை எதிர்பார்ப்பது முறையன்று. திறமூல மென்பொருளைப் பயன்படுத்திப் பொருளீட்டும் நிறுவனங்கள் ஆவணப் பணிக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுப்பெறுகிறது.

பணமாகக் கிடைக்காவிடினும், ஒவ்வொரு திருத்தமும் பங்களிப்பாளரின் பெயருடனும் தேதியுடனும் திட்டத்தின் வரலாற்றில் நிலையாகப் பதிவாகிறது. தொழில்நுட்ப எழுத்தாளராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ வேலை தேடும் ஒருவர், தாம் எழுதியதையும், அதன்மீது எழுந்த கேள்விகளையும், அவற்றுக்குத் தாம் அளித்த விடைகளையும் அப்படியே எடுத்துக்காட்ட முடியும்.

தொடங்க விரும்புவோர் செய்ய வேண்டியது இதுதான்: அடுத்த முறை புதியதொரு மென்பொருளை நிறுவும்போது, கையேட்டை ஒரு பக்கமும் வெற்றுத் தாளை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, தடைபடும் இடங்களை அப்போதே எழுதிவிட வேண்டும். அதில் ஒரே ஒரு தடைக்கு விடை கண்டு, செய்து பார்த்து, எந்தக் கணினியில் எந்தப் பதிப்பில் சோதித்தார் என்பதையும் சேர்த்து அனுப்பினால், அது பராமரிப்பாளருக்குச் சுமையாகாத பங்களிப்பாக அமையும். விடை காண இயலாவிட்டாலும், 'இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை' எனத் தெளிவாக அறிவிப்பதும் பெரும்பாலான திட்டங்களில் ஏற்றுக்கொள்ளப்படும் பங்களிப்பே என்பது குறிப்பிடத்தக்கது.